அகழாய்வுக் குழியில் ஏஆர்: காட்சியோடு ஒலி, வாசனை, தொடுகை சேர்ப்பது எப்படி?

வைகைமேடு கேட்டது:

வணக்கம். கீழடி, அகரம், கொந்தகை போன்ற வைகைக்கரை அகழாய்வு இடங்களுக்குப் பொருந்தும்படி பார்வையாளர்களுக்கான ஓர் ஏஆர் (கேமராக் காட்சியின் மேல் கணினி மாதிரியைப் பொருத்திக் காட்டும்) அமைப்பைத் திட்டமிட்டு வருகிறோம். குழிக்கு நேரே செல்பேசியைப் பிடித்தால் முப்பரிமாண வீடு எழுந்து நிற்கும் என்பதோடு நிறுத்த விருப்பமில்லை. காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

இடத்தின் நிலை இது: 5 மீட்டருக்கு 5 மீட்டர் குழிகள். சில திறந்திருக்கின்றன, சில ஆய்வு முடிந்து மண்ணிட்டு மூடப்பட்டவை. மேலே தகரக் கொட்டகை மட்டும்தான், பக்கவாட்டில் மறைப்பு இல்லை. கோடையில் 38 முதல் 40 டிகிரி வரை போகும். ஒரே நேரத்தில் 6 முதல் 8 பேர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். செல்பேசி சிக்னலை நம்ப முடியாது.

முதல் சிக்கல், மாதிரி சரியான இடத்தில் நிற்பதில்லை. ஜிபிஎஸ், திசைகாட்டியை நம்பினால் செங்கல் சுவர் பக்கத்துக் குழியில் போய் நிற்கிறது. மூடிய குழியின் மேல் பழைய தரைமட்டத்தைக் காட்டினால், மண்ணுக்குள் இருப்பதுபோல் தெரியாமல் மண்ணின் மேல் பாய் விரித்ததுபோல் மிதக்கிறது. இரண்டாவது, வாசனைப் பெட்டி. ஒருவருக்குக் கொடுத்த வாசனை அடுத்தவர் வரும்வரை போகாமல் நிற்கிறது, அல்லது காற்றில் வந்த தடமே தெரிவதில்லை. தொடுகைக்கு 3டி பிரிண்ட் செய்த பானை ஓடுகள் வெயிலில் வளைந்துவிடுகின்றன. ஒலியை எங்கிருந்து தொடங்குவது என்றே முடிவாகவில்லை. ஹோலோலென்ஸ் மாதிரி தலைக்கருவி வாங்கலாமா என்றும் பேச்சு இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

அளவைக்கல் பதில்:

இடப்பொருத்தத்தை மட்டும் சொல்கிறேன். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

திறந்தவெளியில் செல்பேசி ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குப் பிழை காட்டும். உங்கள் குழியே 5 மீட்டர்தான். திசைகாட்டி தகரக் கொட்டகைக்கும் இரும்புத் தூணுக்கும் அருகே 10, 15 டிகிரி விலகுவது சாதாரணம். 1 டிகிரி விலகினாலே 10 மீட்டர் தள்ளி 17 செ.மீ தவறும். ஆகவே இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடையாளப் பலகை வைத்தால் ஒன்று போதாது. ஒரே பலகையின் சாய்வை வைத்துத் திசையைக் கணக்கிட்டால் மேலே சொன்ன 1 டிகிரிப் பிழை அப்படியே வரும். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு பலகை வைத்து, இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து திசையை எடுங்கள். ஒன்றின் இடம் 2 செ.மீ தவறினாலும் திசை 0.1 டிகிரிதான் மாறும். கூகுளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோர் முதன்முறை படத்தை அடையாளம் காண, கேமரா சட்டத்தில் கால் பங்காவது படம் நிறைந்திருக்க வேண்டும். 40 செ.மீ சதுரப் பலகை என்றால் ஏறத்தாழ 70 செ.மீ தூரத்தில் நின்று பிடிக்க வேண்டும். ஃப்ளெக்ஸில் அச்சடிக்காதீர்கள். காற்றில் வயிறு வீங்கும், படம் தட்டையாக இல்லையென்றால் கணக்கு கெடும். ஏசிபி ஷீட்டில் (அலுமினியம் பூசிய கெட்டிப் பலகை) மேட் வினைல் ஒட்டுங்கள். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், பிற்பகல் வெயிலில் பாதிப் பலகை வெள்ளையாகத் தெரியும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் கோலம் மாதிரி படமும் வேண்டாம். ஏஆர்கோர் தரும் மதிப்பெண் கருவியில் 75க்கு மேல் வரும் படத்தையே எடுங்கள்.

அடுத்தது பலருக்குக் கண்ணில் படாத பிழை. குழியின் அளவுகள் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் எடுத்தவை, உண்மையான தரைத் தூரங்கள். டிரோன் வரைபடம், உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையின் 44ஆம் மண்டலத்தில் வரும். அந்த மண்டலம் 78 டிகிரி தீர்க்கரேகையில், மதுரைக்குச் சற்று மேற்கே தொடங்குகிறது. கீழடி அதன் மேற்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது. மண்டல விளிம்பில் வரைபடத் தூரம் உண்மைத் தூரத்தைவிடச் சற்று நீளும். கீழடிப் பக்கம் 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 8 செ.மீ. ஒரு குழிக்குள் இது தெரியாது. நான்கைந்து குழிகளைச் சேர்த்துக் காட்டும்போது ஒரு சுவர் மட்டும் விலகி நிற்கும், யாரோ அளவைத் தப்பாக எடுத்தார்கள் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. அந்த யுடிஎம் எண்களை ஏஆர் செயலியை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் அப்படியே போடாதீர்கள். அங்கே வடக்கு எண் 10.9 லட்சம் மீட்டர் அளவில் வரும். யூனிட்டி பயன்படுத்தும் 32 பிட் எண்ணால் அந்த அளவில் 12.5 செ.மீக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. மாதிரி நடுங்குவதற்கும் பானை விளிம்பு மரம் அறுத்தமாதிரி தெரிவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். குழியின் தென்மேற்கு முளையை 0, 0, 0 என வைத்து எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

மிதக்கும் சிக்கலுக்கு ஆழ மறைப்பு வேண்டும். இன்றைய தரையின் வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பரப்பைச் செய்து, அதில் குழியின் வாய் அளவுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். அந்தப் பரப்பு நிறம் எதுவும் வரையாது, ஆழத்தை மட்டும் எழுதும். அதை முதலில் வரைந்து, பழைய குழியின் மாதிரியை அதன் பின்னர் வரைய வேண்டும். அப்போது நான்கு பக்க மண்சுவரும் ஓட்டை வழியாக மட்டுமே தெரியும், கண் அதைப் பள்ளம் என்று ஏற்றுக்கொள்ளும். வாய் விளிம்பில் 10 செ.மீ அகலத்துக்கு உண்மையான மண்ணின் படத்தை ஒட்டினால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

கடைசியாக, இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: பார்வையாளரை ஏஆரோடு நடக்க விடாதீர்கள். திரையைப் பார்த்தபடி குழிக்குள் கால் வைப்பார்கள். 2000களின் தொடக்கத்தில் கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் செய்த ஆர்க்கியோகைட் திட்டத்திலேயே, முன்கூட்டித் தேர்ந்த நிற்குமிடங்களை வைத்துத்தான் படத்தைப் பொருத்தினார்கள். உங்களுக்கும் அதுதான் சரி. கடற்கரைத் தொலைநோக்கி போல, சுழலும் தாங்கியில் டேப்லட்டைப் பொருத்துங்கள். இடவலம், மேல்கீழ் என இரண்டு அச்சிலும் ஒவ்வொரு ஏஎஸ்5600 காந்தக் கோண உணரி. ஒரு சுற்றுக்கு 4096 படி, அதாவது 0.09 டிகிரி, 10 மீட்டரில் 1.5 செ.மீ. வெயில், நிழல், புல் அசைவு எதுவும் பாதிக்காது, சிக்னலும் தேவையில்லை. கேமராவை வைத்து இடம் கண்டுபிடிக்கும் முறையில், காலையில் பதிந்த வரைபடம் நண்பகலில் தூணின் நிழல் நகர்ந்ததும் பொருந்தாமல் போகும். அந்தத் தலைவலியே இதில் கிடையாது.

நுகர்கூடு பதில்:

வாசனை பற்றி.

இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் இங்கிலாந்தின் யார்க் நகரில் 1984இல் திறந்த யார்விக் வைக்கிங் மையம். அகழாய்வு நடந்த இடத்திலேயே கட்டி, தொடக்கம் முதலே வாசனைகளைச் சேர்த்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்வந்தவர்களுக்கு அதே வாசனைகளை மறுபடி கொடுத்தபோது கண்ட விவரங்கள் கூடுதலாக நினைவுக்கு வந்தன என்று 1999இல் ஓர் ஆய்வும் வந்தது. ஆனால் அது மூடிய கட்டடம், பார்வையாளர் ஊர்தியில் அமர்ந்து ஒவ்வோர் அறையாகக் கடப்பார். திறந்த கொட்டகையில் அறையை நிரப்பும் முறை வேலை செய்யாது. நீங்கள் வாசனையை மூக்குக்குக் கொண்டுபோக வேண்டும், கொட்டகைக்கு அல்ல.

பெட்டி கட்டுவதானால்: 30 மி.லி கண்ணாடிக் குப்பி, உள்ளே கம்பளித் துணித்துண்டு, 5 வோல்ட் 5015 ஊதுவிசிறி, வெளிவாய் மூக்கிலிருந்து 25 செ.மீக்குள். குழாய் டெஃப்லானாக இருக்கட்டும். சிலிக்கான் குழாய் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள்முழுக்கக் கக்கும். உங்கள் பெட்டியில் பழைய வாசனை போகாததற்கு முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். அடுத்த சந்தேகம் வால்வு. விசிறி நின்றாலும் குப்பியின் வாய் திறந்தே இருந்தால் கசியும். உள்வாய், வெளிவாய் இரண்டிலும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒட்டுங்கள். ஊதும்போது மட்டும் தூக்கிக்கொள்ளும். ஊதுவது 2 நொடி, அதற்குப் பின் குறைந்தது 40 நொடி ஓய்வு. நீட்டி ஊதினால் பலன் கூடாது, மூக்கு ஒரு சில நிமிடத்தில் பழகி மரத்துவிடும். ஒரு நிலையத்தில் ஒரு வாசனை மட்டும். இரண்டு வைத்தால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும், அது எந்தக் காலத்துக்கும் உரியதல்ல.

மின்பக்கத்தில் மூன்று பொதுத் தவறுகள். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்520 மின்சுவிட்ச் பலகை, ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை தரும் 3.3 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, விசிறி முனகும். அதற்குப் பதில் ஏஓ3400 போடுங்கள். விசிறிக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஈஎஸ்பி32 தானாக மறுதொடக்கம் ஆகலாம். பவர் பேங்க், மின்னோட்டம் குறைந்தால் எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். 18650 லித்தியம் பேட்டரியும் 5 வோல்ட் உயர்த்தியும் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், காற்று கொஞ்சம் வீசினாலே 25 செ.மீ இடைவெளியில் வாசனை சிதறிப்போகும் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் இடத்துக்கு என் முதல் தேர்வு மூடியுள்ள மண்சிமிழ்தான். மூடியைத் திறந்து, முகர்ந்து, மூட வேண்டும். மூடியின் அடியில் ஒரு காந்தமும் விளிம்பில் ரீட் சுவிட்சும் (காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வைத்தால், திறந்த நொடியில் டேப்லட்டில் காட்சியும் ஒலியும் தொடங்கும். செலவு மிகக் குறைவு. பிள்ளைகளும் தாங்களே திறப்பதால் கவனமாக முகர்கிறார்கள்.

எதை வைப்பது? சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றுக்கு ஈரமண். மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் தண்ணீரில் லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். எனவே நீர்த்துத் தொடங்குங்கள். அதிகமானால் பீட்ரூட் நெடி அடிக்கும். கன்னோஜில் வடிக்கும் மிட்டி அத்தர் நல்லதுதான், ஆனால் அது சந்தன எண்ணெயில் இறக்கியது. சில நாளில் மண் போய்ச் சந்தனம் மட்டும் மிஞ்சும், கிணறு பூசையறை ஆகிவிடும். அடுப்புப் புகைக்கு உண்மையான புகை வேண்டவே வேண்டாம். உணவுக்கான திரவப் புகையை ஒரு துளி வைக்கலாம். அது அமிலத்தன்மை கொண்டது, உலோகப் பாகத்தில் படாமல் பாருங்கள். சமையல் வாசனை என்று மிளகாய் தாளிப்பை வைத்துவிடாதீர்கள். மிளகாய் போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்தது. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு, அதுவே போதும்.

ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்களுக்காக நுழைவிலேயே எழுதிவைத்து, வாசனை இல்லாமலும் முழுமையாகச் செல்லும் வழி இருக்க வேண்டும். விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம் இது.

வைகைமேடு:

மிக்க நன்றி, இருவருக்கும். சிலிக்கான் குழாய்தான் போட்டிருந்தோம், மாற்றுகிறோம். ஒலியும் தொடுகையும் பற்றி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். தலைக்கருவி கேள்விக்கும் பதில் வேண்டும், அதை வைத்துத்தான் செலவுத்திட்டம் முடிவாகும்.

தக்களி பதில்:

தலைக்கருவி வேண்டாம் என்பேன். ஹோலோலென்ஸ் 2 கருவியின் உற்பத்தியை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அதைவிட முக்கியக் காரணம், அந்த வகைக் கண்ணாடி ஒளியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கறுப்பைக் காட்டவே இயலாது. வைகைக்கரை வெயிலில் கறுப்பு சிவப்புப் பானையின் கறுப்பு, வெறும் காற்றாகத் தெரியும். டேப்லட்டே நல்லது, ஆனால் வெப்பத்தைப் பாருங்கள். ஐபேட் 35 டிகிரி வரையிலான சூழலுக்குத்தான் என ஆப்பிளே சொல்கிறது. சூடேறினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவதும் நிற்கும். மேலே ஆழமான முகப்பு மறைப்பு, பின்னால் ஒரு சிறு விசிறி, வெளிர் நிற உறை. பகலில் சார்ஜில் போட்டபடி ஓட்டாமல், இரண்டு டேப்லட்டை மாற்றி மாற்றி வையுங்கள்.

இனி ஒலி. காதை மூடும் ஹெட்போன் வேண்டாம்; குழியருகே நிற்கும் பிள்ளைக்கு ஆசிரியர் கூப்பிடுவது கேட்க வேண்டும். கன்ன எலும்பு வழியாக ஒலி தரும் கருவி அல்லது காதைத் திறந்துவிடும் வகை போதும், ஒவ்வொருவர் முடித்ததும் துடைத்து வைக்கவும் சுலபம். புளூடூத்தில் ஒலி 0.2 நொடி அளவுக்குத் தாமதிக்கும். நீரோட்டம், காற்று போன்ற பின்னணிக்கு இது தெரியாது. சிமிழ் திறந்ததும் எழ வேண்டிய ஒலிக்கு உறுத்தும். நிலையான தாங்கி வைப்பதால் கம்பியே போட்டுவிடலாம்.

என்ன ஒலி என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கீழடியில் கையால் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன, உடனே கைத்தறிக் கூடத்துக்குப் போய்ப் பதிவு செய்துவருவார்கள். கயிற்றைச் சுண்டி நாடாவைப் பாயவிடும் தறியின் அந்த டக்கு டக்கு ஓசை, 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வருவது. நாடாவைக் கையால் தள்ளும் தறியைத் தேடிப் பதியுங்கள். ஓசை தணிவானது, இழையை நெருக்கும் பண்ணைக்கட்டை அடிப்பது மட்டும் கேட்கும். ராட்டைச் சத்தமும் கூடாது, ராட்டை மிகப் பிற்காலத்தது. தக்களிக்கு ஏறத்தாழ ஓசையே கிடையாது. அந்த அமைதியை அப்படியே விடுங்கள், அதுவும் சான்றுதான்.

விலங்கு ஒலிகளுக்கு எலும்புப் பட்டியல் இருக்கிறது. 2019இல் வந்த கீழடி அறிக்கையில் மாடு, எருமை, ஆடு, வெளிமான், மயில் எல்லாம் உண்டு. பதிவை விடியற்காலை 4 முதல் 5 மணிக்குள் எடுங்கள், பம்புசெட்டும் லாரியும் ஓயும் நேரம். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

இதே சோதனையைக் காட்சிக்கும் போடுங்கள். பின்னணி நிலத்தைப் படமெடுத்து அப்படியே ஒட்டினால் சீமைக் கருவேலம் வந்து நிற்கும். அது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். பப்பாளி, முந்திரி, நிலக்கடலை எல்லாமே அதே கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவைதான்.

சூளைக்கரை பதில்:

தொடுகை என் பங்கு.

உங்கள் ஓடுகள் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அச்சடித்தவை என நினைக்கிறேன். அது 60 டிகிரி சுற்றில் இளகும். தகரத்தின் கீழே கறுப்புப் பொருள் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமில்லை. ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் தாங்கும். ஆனால் பிளாஸ்டிக்கைத் தொட்டு யாருக்கும் பானை புரியாது. எடை தவறு, குளிர்ச்சி தவறு, தட்டினால் ஓசை தவறு. மண்ணிலேயே செய்யுங்கள். சிவகங்கை மாவட்டத்திலேயே மானாமதுரை இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை.

வழி இது: உண்மைப் பொருளை 80 சதவீதம் மேற்பொருந்தும்படி சுற்றிப் படமெடுத்து மாதிரி ஆக்குங்கள், அளவுகோலை எல்லாப் படத்திலும் வையுங்கள். அந்த மாதிரியைப் பெரிதாக்கி அச்சடித்து, பிளாஸ்டர் அச்சு எடுத்து, களிமண்ணை அழுத்தி, சுட வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதை மண்தான் சொல்லும். காய்ந்து வெந்ததும் களிமண் 8 முதல் 12 சதவீதம் சுருங்கும். முதலில் 10 செ.மீ பட்டை ஒன்றைச் சுட்டு அளந்துகொள்ளுங்கள். 9 செ.மீ வந்தால் மாதிரியை 1.11 மடங்காக்குங்கள். இதைச் செய்யாமல் போனால் எழுத்தும் சிறுக்கும், விரல் நுனிக்குத் தட்டுப்படாது.

கறுப்பு சிவப்பு நிறத்தைப் பெயின்டில் கொண்டுவராதீர்கள், கை வியர்வையில் உரியும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளும் விளிம்பும் காற்றில்லாமல் கறுக்கும், வெளிப்புறம் காற்றுபட்டுச் சிவக்கும் என்பதே பொதுவான விளக்கம். குயவரிடம் சொன்னால் வைக்கோல் சாம்பலில் கவிழ்த்து முயன்று பார்ப்பார். முதல் சூளையில் பாதி தேறாது, இரண்டு மடங்கு செய்யச் சொல்லுங்கள்.

கீறல்களில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஈரமண்ணில் கீறினால் ஓரத்தில் மண் சிறு வரப்பாக எழும்பும், கோடு வழவழப்பாக இருக்கும். சுட்ட பிறகு கீறினால் ஓரம் பொரிந்து சொரசொரப்பாக இருக்கும், உள்நிறம் வெளியே தெரியும். ஒரே தமிழி (பழந்தமிழ் எழுத்துமுறை) எழுத்தை, ஆதன் என்ற பெயரின் ஆ என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு விதமாகவும் கீறி அடுத்தடுத்து வையுங்கள். பானை செய்தவர் எழுதினாரா, வாங்கியவர் எழுதினாரா என்ற கேள்வியை விரலே கேட்கும். பார்வையற்றோருக்கு இந்த ஒன்று, திரையில் காட்டும் மொத்தத்தையும்விடப் பெரிது. விளக்கத்தைக் குரலில் தர, பீடத்தின் குழிவில் செல்பேசியை அருகே கொண்டுபோனால் படிக்கும் என்டேக்213 வில்லையை ஒட்டலாம்; சுடுமண் அதைத் தடுக்காது.

ஒவ்வொரு நகலின் அடியிலும் "நகல்" என்ற சொல்லையும் ஆண்டையும் ஈரத்திலேயே அழுத்துங்கள். நல்ல நகல் வெளியே போனால் தொல்பொருளாக விலைபேசப்படும்.

அளவைக்கல் மறுபடி:

மேலே விட்டுப்போன இரண்டு.

ஒன்று, சான்று. ஒவ்வொரு காட்சி, ஒலி, வாசனைக்கும் ஒரு வரி பதிவு செய்யுங்கள்: எந்தக் குழி, எந்த ஆழம், எந்தப் பொருள், வேறு என்ன விளக்கம் சாத்தியம். பண்பாட்டு மரபைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான 2009 லண்டன் சாசனம் கேட்பதும் இதைத்தான். திரையிலும் அது தெரிய வேண்டும். கிடைத்தது முழு நிறத்தில், அதிலிருந்து ஊகித்தது வெறும் மண்நிறத்தில், ஒப்புமையால் சேர்த்தது கோடாக மட்டும். கூரை எப்படி இருந்தது என்பதைக் கோட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். ஆழக் காட்டி வைத்தால் 353 செ.மீ இடத்தில் ஒரு குறி போடுங்கள், கீழடியில் கி.மு. 580 என்ற காலக்கணிப்பு வந்த மாதிரி அந்த ஆழத்திலிருந்து எடுத்தது. அது அந்த ஒரு மாதிரியின் காலம் என்றும் எழுதுங்கள்.

இரண்டு, தாங்கி. தரையில் 5 செ.மீகூடத் தோண்டாதீர்கள். தோண்டாத மேல்மண்ணிலும் ஓடு இருக்கும். 60 செ.மீ சதுர இரும்புத் தட்டு, அடியில் ரப்பர் விரிப்பு, மேலே 40 கிலோ மணல் மூட்டை. பிள்ளைகள் சாய்ந்தாலும் எளிதில் கவிழாது. விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி வையுங்கள், குழிச்சுவர் பாரத்தில் சரியும். தொல்லியல் துறையின் அனுமதியில் தாங்கியின் எடையையும் இடத்தையும் வரைபடத்தோடு குறிப்பிட்டு வாங்கிவிடுங்கள். தினமும் காலையில் சுவரின் ஒரு மூலையைத் திரையில் உள்ள கோட்டோடு ஒப்பிட்டு, 2 செ.மீக்கு மேல் விலகினால் கோணத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். அதற்கு 3 நிமிடம் போதும், ஆனால் அது யாருடைய வேலை என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.